மாப்பிள்ளைக்கு ஐ-140 ஆயிடுச்சா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கப் போறேன். மதுரைப் பக்கத்துல இருந்து ஒரு தோழி அனுப்பியிருந்தாங்க. சென்னையில டெஸ்டிங் வேலை, அஞ்சு வருஷ அனுபவம், தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை அமெரிக்காவுல எச்-1பி விசாவுல இருக்கார். "வேலையை விட்டுட்டுக் கிளம்பு, அங்க போய் தேடிக்கலாம்னு ரெண்டு வீட்டுலயும் சொல்றாங்க. அங்க எனக்கு வேலை கிடைக்குமா அக்கா?"

கிடைக்குமாங்கிறது ரெண்டாவது கேள்வி. செய்ய அனுமதி இருக்குமாங்கிறது தான் முதல் கேள்வி.

எச்-1பி-ல இருக்கிறவரோட மனைவி அல்லது கணவருக்குக் கிடைக்கிறது எச்-4. இதுல அமெரிக்காவுல வாழலாம், படிக்கலாம், கார் ஓட்டலாம், பேங்க் அக்கவுன்ட் வெச்சுக்கலாம். வேலை மட்டும் செய்யக் கூடாது. உங்க டிகிரி, அனுபவம், திறமை எதுவும் இதுல கணக்கே இல்ல.

இதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு. 2015 மே 26-ல இருந்து, எச்-4-ல இருக்கிற சிலர் இஏடி-ங்கிற வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வந்துட்டா எந்தக் கம்பெனியிலயும் வேலை பாக்கலாம், சொந்தத் தொழில் கூட பண்ணலாம். ஆனா யாருக்குக் கிடைக்கும்? கணவரோட கிரீன் கார்டு வழியில ஐ-140-ங்கிற மனு ஏற்கப்பட்டிருக்கணும். இல்லைனா கிரீன் கார்டு வேலை நடந்துட்டு இருக்கிறதால அவரோட எச்-1பி ஆறு வருஷத்தைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருக்கணும். ரெண்டும் இல்லைனா இஏடி இல்ல.

ஐ-140 பெரும்பாலும் நீங்களோ அவரோ போடுற மனு இல்ல. பொதுவா அவர் கம்பெனி தான் போடணும். அதுக்கு முன்னாடி பெர்ம்-னு ஒரு கட்டம் இருக்கு. இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கலைனு விளம்பரம் கொடுத்து, தொழிலாளர் துறைகிட்ட நிரூபிக்கணும். சம்பள நிர்ணயம், விளம்பரம், காத்திருப்பு எல்லாம் சேர்ந்து ரெண்டு வருஷம் சுலபமா ஓடிடும். சில கம்பெனி, ஆள் சேர்ந்து ஒரு வருஷம் ஆனாத்தான் பெர்மையே ஆரம்பிக்கும். ஆட்குறைப்பு நடந்தா நிறுத்தியும் வைக்கும். நடுவுல அவர் வேலை மாறினா மறுபடி முதல்ல இருந்து. ஐ-140 ஏற்கப்பட்டு 180 நாள் தாண்டிட்டா அந்த பயம் குறையும். அதுக்கப்புறம் பழைய கம்பெனி மனுவை வாபஸ் வாங்கினாலும், எச்-1பி நீட்டிப்புக்கும் உங்க இஏடிக்கும் பொதுவா பாதிப்பு வராது.

நம்ம ஊர்ல பொண்ணு பாக்க வந்தா என்னென்ன கேக்கறோம்னு யோசிச்சுப் பாருங்க. நட்சத்திரம், சம்பளம், சொந்த வீடு, தண்ணி சிகரெட், கூடப் பொறந்தவங்க எத்தனை பேர். ஒரு மாமா தைரியமா "கிரீன் கார்டு இருக்கா மாப்ள"ன்னு கேப்பார். அதுக்கு "பிராசஸ்ல இருக்கு அங்கிள்"னு ஒரு பதில் வரும். அந்த "பிராசஸ்ல இருக்கு"ங்கிற ஒரு வார்த்தைக்குள்ள நாலு வருஷம் ஒளிஞ்சிருக்கலாம். கிரீன் கார்டே கைக்கு வர்றது வேற கதை. இந்தியர்களுக்கான வரிசை பத்து வருஷத்துக்கும் மேல நீளுது. அதுக்காக யாரும் கல்யாணத்தைத் தள்ளிப் போட வேண்டாம். ஆனா பெர்ம் ஆரம்பிச்சாச்சா, ஐ-140 ஆயிடுச்சா, வேலை மாறுற யோசனை இருக்கா, இதை அந்தப் பையன்கிட்டயே நேரா கேக்கலாம். அவருக்குத் தெரியாம இருக்காது. எச்-1பி-ல இருக்கிற ஒவ்வொருத்தரும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தன் ஸ்டேட்டஸைச் சொல்லுவாங்க.

நானும் எச்-4 தான். டாலஸ் பக்கம் இர்விங்க்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. என் ஹஸ்பண்டோட பெர்ம் இன்னும் ஓடிட்டு இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே இதெல்லாம் கேட்டு, தெரிஞ்சே தான் வந்தேன். இந்த பாட்காஸ்ட்ல ஏன் விளம்பரம் வர்றதில்ல, ஏன் சூப்பர் சாட் இல்லனு கேக்கறீங்கள்ல? இதான் காரணம். இங்க உக்காந்து பேசி, அதுக்குக் காசு வாங்கினா அது வேலைன்னு ஆயிடும்.

ஓகே, அடுத்து எல்லாரும் கேக்கிறது: "சென்னைக் கம்பெனிக்கே அங்க இருந்து ரிமோட்ல பண்ணலாமே?" அமெரிக்க மண்ணுல உக்காந்து செஞ்சா, சம்பளம் ரூபாயா இந்திய அக்கவுன்ட்ல விழுந்தாலும் அது அனுமதியில்லாத வேலையா பாக்கப்படலாம், அதனால பண்ணாதீங்கனு தான் பெரும்பாலான குடியேற்ற வழக்கறிஞர்கள் சொல்வாங்க. "என் ஃப்ரெண்டு பண்றா, ஒண்ணும் ஆகல"ன்னு வாட்ஸ்அப் குரூப்ல சொல்லுவாங்க. பின்னாடி கிரீன் கார்டு நேர்காணல்ல இதுக்குப் பதில் சொல்லப் போறது அந்தக் குரூப் அட்மின் இல்ல.

முழு நேரப் படிப்பு, திறந்த மூல மென்பொருளுக்குச் சம்பளம் வாங்காம பங்களிக்கிறது, லைப்ரரியிலயும் உணவு வங்கியிலயும் தன்னார்வ வேலை, இதெல்லாம் பண்ணலாம். ஆனா சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிற வேலையை இலவசமா செஞ்சு கொடுக்கிறது தன்னார்வம் ஆகாது. பங்கு, வட்டி, ஊர்ல இருக்கிற வீட்டு வாடகை, இந்த மாதிரி சும்மா வர்ற வருமானத்துக்குத் தடை இல்ல.

இஏடி வாங்கியிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. முன்னாடி புதுப்பிக்க விண்ணப்பிச்சிட்டாலே, பழைய அட்டை 540 நாள் வரைக்கும் தானா நீண்டுக்கும். 2025 அக்டோபர் 30-ல இருந்து போடுற விண்ணப்பங்களுக்கு அது கிடையாது. அட்டை காலாவதியான அன்னைக்குப் புதுசு வரலைனா வேலையை நிறுத்தணும். அதனால 180 நாள் முன்னாடியே போட அனுமதி இருக்கு, முதல் நாளே போட்டுடுங்க. அப்புறம், இந்த எச்-4 இஏடி விதியையே எதிர்த்து 'சேவ் ஜாப்ஸ் யுஎஸ்ஏ'ங்கிற அமைப்பு 2015-லயே வழக்குப் போட்டுச்சு. 2025 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்ததால விதி நிக்குது. ஆனா இது நாடாளுமன்றம் போட்ட சட்டம் இல்ல, நிர்வாக விதி. வேற அரசு, வேற முடிவுன்னு ஆகலாம். வாழ்க்கையை முழுசா இதை நம்பிக் கட்டாதீங்க.

மாப்பிள்ளை வேற நாடுன்னா கதையே வேற. எல்-1-ல இருக்கிறவரோட மனைவிக்கு, 2021 நவம்பருக்கு அப்புறம் தனி அனுமதியே தேவையில்ல, வந்து இறங்கினதும் வேலை பாக்கலாம். அமெரிக்காவுல படிக்கிறவரோட மனைவிக்கு எஃப்-2. அதுல வேலை கிடையாது, டிகிரிப் படிப்பு கூட பகுதி நேரம் தான். ஜெர்மனியில ப்ளூ கார்டு வெச்சிருக்கிறவரோட துணைக்கு முழு வேலை அனுமதி உண்டு, விசாவுக்கு ஜெர்மன் தேர்வும் கேக்க மாட்டாங்க (வேலைக்குக் கேப்பாங்க, அது வேற). பிரிட்டன்ல ஸ்கில்ட் வொர்க்கரோட துணை வேலை பாக்கலாம், ஆனா சுகாதாரக் கட்டணம் ஆளுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, மொத்த வருஷத்துக்கும் முன்கூட்டியே கட்டணும். சிங்கப்பூர் பக்கத்துல தானே, எல்லாம் சுலபம்னு நினைப்போம். 2021 மே மாசத்துல இருந்து அங்க டிபெண்டன்ட் பாஸ்ல இருக்கிறவங்க வேலை பாக்கணும்னா தனக்குன்னு தனியா வொர்க் பாஸ் வாங்கணும். "ஃபாரின் மாப்பிள்ளை"ன்னு ஒரே வார்த்தையில எல்லாத்தையும் அடக்குறோம் பாருங்க, அது தான் பிரச்சினை.

இப்போ பேப்பர் விஷயம். முதல்ல பேரு. இது தமிழங்களுக்கு அதிகமா வர்ற தலைவலி. நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல் தான். நிறைய பேரோட பாஸ்போர்ட்ல சர்நேம் இடம் காலியா இருக்கும். அந்த பாஸ்போர்ட்டோட அமெரிக்க விசா போட்டா, உங்க பேரைத் தூக்கி சர்நேம்ல போட்டுட்டு, முதல் பேர் இடத்துல 'எஃப்என்யு'ன்னு அடிச்சுடுவாங்க. முதல் பேர் தெரியாதுன்னு அர்த்தம். அது விசாவோட போகாது. ஐ-94, லைசென்ஸ், பேங்க், இன்சூரன்ஸ் எல்லாத்துலயும் ஒட்டிக்கும். எங்க அபார்ட்மென்ட்ல ஒரு பொண்ணு இருக்காங்க, டாக்டர் ஆபீஸ்ல அவங்களை "ஃப்னூ... ஃப்னூ..."ன்னு கூப்பிடுவாங்க. நாலாவது தடவை கூப்பிட்டப்ப தான் அது தன்னைத் தான்னு அவங்களுக்குப் புரிஞ்சுதாம்.

அதனால விசாவுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்டை மறுவெளியீடு பண்ணி, சர்நேம் போட்டுக்கோங்க. அப்பா பேரா, கணவர் பேரா? எந்தச் சட்டமும் கணவர் பேரைப் போடச் சொல்லல. என் கருத்து, அப்பா பேரையே போடுங்க. டிகிரி, மார்க் ஷீட், அனுபவச் சான்றிதழ் எல்லாம் அந்த இனிஷியலோட தானே இருக்கு? பின்னாடி வேலைக்குப் போகும்போது இந்த ரெண்டு பேரும் ஒரே ஆள் தான்னு யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. ஒரே ஒரு விளைவு, எல்லா இடத்துலயும் உங்களை உங்க அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. எங்க அப்பாவுக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

அடுத்தது திருமணப் பதிவு. மண்டபத்துல ஆயிரம் பேர் சாட்சியா இருந்தாலும் தூதரகத்துக்குத் தேவை சார்பதிவாளர் கொடுக்கிற சான்றிதழ். தமிழ்நாட்டுல 2009-ம் வருஷச் சட்டப்படி எந்த மதமா இருந்தாலும் 90 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். ஆனா மாப்பிள்ளைக்கு லீவு மூணு வாரம். ரெண்டு பேரும் நேர்ல போகணும். அதனால மறுவீடு, குலதெய்வம், விருந்துனு கிளம்புறதுக்கு முன்னாடி ரிஜிஸ்டர் ஆபீஸ். பேரோட எழுத்து பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே சான்றிதழ்ல வருதான்னு அங்கயே நின்னு பாருங்க. ஜெமினி பாலம் பக்கத்துல இருக்கிற தூதரகத்துல நேர்காணலுக்கு அந்தச் சான்றிதழ் தான் முதல்ல. கல்யாண ஆல்பத்தையும் கொண்டு போங்க, கேட்டா காட்டலாம்.

அந்தச் சான்றிதழ் அவர் கம்பெனி இன்சூரன்ஸுக்கும் வேணும். அமெரிக்காவுல கல்யாணம் ஆன பொதுவா 30 நாளுக்குள்ள துணையைத் திட்டத்துல சேர்க்கணும். விட்டா, அடுத்த வருஷாந்திரச் சேர்க்கை வரைக்கும் காத்திருக்க வேண்டி வரலாம். கல்யாணம் முடிச்சு அவர் முன்னாடி போய், நீங்க மூணு மாசம் கழிச்சுப் போறீங்கன்னா, இதை எப்படிப் பண்ணணும்னு கல்யாணத்துக்கு முன்னாடியே அவரை எச்ஆர்கிட்ட எழுத்துல கேட்டு வெக்கச் சொல்லுங்க. இன்சூரன்ஸ் இல்லாம ஒரு அவசர சிகிச்சைப் பிரிவு போயிட்டு வந்தா பில் ஆயிரக்கணக்கான டாலர்ல வரும்.

இங்க வந்த அன்னைக்கு ஐ-94-ஐ இணையத்துல இறக்கிப் பாருங்க. நீங்க எதுவரைக்கும் தங்கலாம்னு சொல்றது அது தான், விசா ஸ்டிக்கர் இல்ல. பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதி ஆகுதுன்னா ஐ-94-ஐயும் அதே தேதியோட நிறுத்திடுவாங்க. அது தெரியாம நாள் தாண்டினா பெரிய சிக்கல்.

இஏடி இல்லாத எச்-4-க்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாது. வரிக்கு ஐடிஐஎன்-னு வேற எண் வாங்கிக்கலாம். லைசென்ஸ் போடப் போனா சில மாநிலங்கள்ல, "இவருக்கு எண் கிடையாது"ன்னு சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ்ல இருந்து கடிதம் கேப்பாங்க. இல்லைனு சொல்ற ஒரு பேப்பருக்காக வரிசையில நிக்கணும். நில்லுங்க. ஏன்னா டெக்சஸ் மாதிரி ஊர்ல லைசென்ஸ் இல்லாம பால் பாக்கெட் கூட வாங்க முடியாது. அவர் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் வெளிய போகணும்னா காத்திருக்கிறது, முதல் மாசம் ரொமான்டிக்கா இருக்கும். மூணாவது மாசம் இருக்காது. ஊர்லயே கார் ஓட்டக் கத்துக்கிட்டு வந்தா பாதிக் கிணறு தாண்டியாச்சு.

பேங்க்ல ரெண்டு பேர் பேர்லயும் அக்கவுன்ட் திறங்க. வாடகை ஒப்பந்தத்துல உங்க பேரும் இருக்கட்டும். அவர் கிரெடிட் கார்டுல உங்களையும் சேர்த்துக் கார்டு வாங்குங்க. இந்திய சிம்மை உயிரோட வெச்சிருங்க, பேங்க் ஓடிபி எல்லாம் அதுக்குத் தான் வரும். நீங்க வெளிநாட்டுல குடியேறிட்டா உங்க சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வா மாத்தணும், அதையும் பேங்க்ல சொல்லி வைங்க.

சரி, பணத்தைப் பத்தி. விசாவை விட இது கஷ்டமான டாபிக், ஆனா இதை யாரும் பேசறதில்ல.

எங்களை மாதிரிப் பொண்ணுங்க நிறைய பேர் கல்யாணத்துக்கு முன்னாடி வீட்டுக்குப் பணம் கொடுத்தவங்க. கல்விக் கடன் இஎம்ஐ, தம்பி ஃபீஸ், அம்மா மருந்து. வேலையை விட்ட மறுமாசம் அந்த இஎம்ஐ நிக்காது. அதை யார் கட்டுவா? எனக்கு இன்னும் ஒன்றரை வருஷக் கடன் பாக்கி இருந்தது. நிச்சயத்துக்கு முன்னாடி வீடியோ கால்ல அந்தத் தொகையைச் சொன்னேன். "அது நம்ம கடன், கட்டிடலாம்"னு அவர் சொன்னார், கட்டினார். அதுல எந்தக் குறையும் இல்ல. ஆனாலும் இங்க வந்த முதல் மாசம், அம்மாவுக்குப் பணம் அனுப்ப ஆப்பைத் திறந்துட்டு, அனுப்புற பட்டனை அழுத்த முடியல. அவர் பக்கத்துல தான் உக்காந்து டிவி பாத்துட்டு இருந்தார். கேட்டா சரின்னு தான் சொல்வார். கேக்கணுமாங்கிறது தான் உறுத்தல். எட்டு வருஷமா யாரையும் கேக்காம அனுப்பினவ நான்.

அதுக்கு நாங்க கண்டுபிடிச்ச வழி ரொம்ப சாதாரணமானது. சம்பளம் வந்த அன்னைக்கே, ரெண்டு வீட்டுக்கும் போக வேண்டியது தானா போயிடும். மீதியில ரெண்டு பேர் கைச்செலவுக்கும் ஒரே அளவு தனித்தனியா. அந்தத் தொகைக்குள்ள அவர் என்ன வாங்கினாலும் நான் கேக்க மாட்டேன், நான் வாங்கினா அவர் கேக்க மாட்டார். இதைக் கேட்டு ஒரு பெரியம்மா "புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னடி கணக்கு"ன்னாங்க. கணக்கு இருக்கிறதால தான் சண்டை இல்ல பெரியம்மா.

இன்னொரு விஷயம். நம்ம மென்பொருள் பாஷையில, எச்-4 ஒரு டிபெண்டென்சி. மேல இருக்கிறது உடைஞ்சா கீழ இருக்கிறதும் உடையும். அவர் வேலை போனா பொதுவா 60 நாள் வரைக்கும் தான் அவகாசம், அது உங்களுக்கும் சேர்த்துத் தான். விவாகரத்து ஆனா எச்-4 அதோட முடிஞ்சுது. இந்தப் பிடி ஒருத்தர் கையில இருக்குன்னு தெரிஞ்சு அதைத் தப்பாப் பயன்படுத்துறவங்களும் இருக்காங்க. பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கிறது, ஊருக்கு அனுப்பிடுவேன்னு மிரட்டுறது, கை நீட்டுறது. உங்க பாஸ்போர்ட் உங்ககிட்ட தான் இருக்கணும். எல்லாப் பேப்பரோட நகலும் உங்க மெயில்ல, அவருக்குத் தெரியாத பாஸ்வேர்டோட இருக்கட்டும். சந்தேகப்படச் சொல்லல, சீட் பெல்ட் போடச் சொல்றேன். எச்-1பி கணவரால கொடுமைக்கு ஆளான எச்-4 மனைவிகளுக்கு, ஐ-140 இல்லாட்டியும் வேலை அனுமதி கேக்கத் தனி வழி இருக்கு, ஐ-765வி-ங்கிற படிவம். அவசரம்னா 911. பேசி உதவி கேக்கணும்னா தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, 24 மணி நேரமும் உண்டு, மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம். இது யாருக்காவது தேவைப்படும்னு தெரிஞ்சு தான் சொல்றேன்.

இப்போ மதுரைத் தோழிக்கு. இன்னும் ராஜினாமா லெட்டர் கொடுக்கலைனா, கொடுக்காதீங்க. விசா கையில வர்ற வரைக்கும் வேலையில இருங்க. உங்க கம்பெனிக்கு அமெரிக்காவுல ஆபீஸ் இருந்தா, எல்-1-ல மாத்தல் கிடைக்குமான்னு மேனேஜர்கிட்ட கேளுங்க. ஒரு வருஷமாவது அந்தக் கம்பெனியில தொடர்ந்து இருந்திருக்கணும், உங்க அஞ்சு வருஷம் அதுக்கு உதவும். டெஸ்டிங்ல அது சுலபம்னு சொல்ல மாட்டேன், சிறப்பு அறிவுன்னு நிரூபிக்கணும். ஆனா கேக்கிறதுக்குக் காசா பணமா?

அவருக்கு ஐ-140 ஆயிருந்தா, போன உடனே இஏடி போட்டுட்டு, அட்டை வர்ற சில மாசம் ஓய்வுன்னு நினைச்சுக்கோங்க. ஆகலைனா, ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ வேலை இல்லாம இருக்க உங்களால முடியுமா, அந்த நேரத்துல படிக்கப் போறீங்களா, ஃபீஸ் யார் கட்டுவா, இதைப் பேசுங்க. கல்யாணம் பண்ணிட்டு ஒரு வருஷம் நீங்க சென்னையில வேலையில இருக்கிறதும் ஒரு வழி தான். "கல்யாணம் பண்ணிட்டுத் தனித்தனியா இருக்கிறதா"ன்னு வீட்டுல குதிப்பாங்க. குதிக்கட்டும். அங்க பகல் முழுக்க வீட்டுல தனியா இருக்கப் போறது அவங்க இல்லையே. முடிவு உங்க ரெண்டு பேரோடது.

ஐ-140 பத்திக் கேட்டப்ப அவர் என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்க. கேள்வியைக் கேட்டதுக்கே கோவிச்சுக்கிட்டார்னா, அதையும் எழுதுங்க.

அடுத்த வாரம், ஸ்டாம்பிங் பத்திப் பேசலாம்.